மதிலுக்குள் ஒரு வீடு

யோர்க் நகரின் பழைய மதிலுக்குள்ளே நாம் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறோம் என்று கேள்வியுற்ற நண்பர் யாவரும் எம்மைப் பாக்கியசாலிகள் என்றனர். நாமும் அவ்வாறே எண்ணினோம். ஒரு மேசையை அவ்வீட்டுக்குக் கொண்டு சேர்க்க முயன்ற நாளிலேதான் அந்தப் பாக்கியத்தின் பாரம் எத்துணையது என்பது எம் தோள்களுக்குத் தெரிந்தது.

யோர்க், இங்கிலாந்தின் வடபாகத்திலே ஊஸ், ஃபொஸ் என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில் அமைந்த நகர். கி. பி. 71 அளவில் உரோமர் அங்கு கோட்டை அமைத்தனர். 306இல் கொன்ஸ்தந்தீன் பேரரசனாகப் பிரகடனஞ் செய்யப்பட்டதும் அங்கேதான். 866இல் வைக்கிங்குகள் அதனைக் கைப்பற்றினர். அவர்கள் மொழியில் வீதியைக் குறித்த சொல்லே இன்றும் பல வீதிப் பெயர்களின் ஈற்றில் ‘கேற்’ என நிற்கின்றது. மதில் வாயிலுக்கோ ‘பார்’ என்று பெயர். புதிதாகச் சென்ற நாம், ‘பார்’ அருகே வருமாறு நண்பர் சொல்லக் கேட்டு, மதுச்சாலை ஒன்றின் முன்னே காத்து நின்று வெட்கமுற்றதும் உண்டு.

நகர நடுவிலுள்ள பல வீதிகளில் பகற்பொழுதிலே வண்டிகள் செல்லுதல் ஆகாது. ஆகவே அந்த மேசையை நாமே மதில் வாயிலிலிருந்து சுமந்தோம். குளிர்காற்றுப் புகும் யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி இடலாமென்றாலோ, எமது வீடு சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடம்; அனுமதியின்றி எதனையும் மாற்றுதல் குற்றம். வாசலிலோ எந்நேரமும் உல்லாசப் பிரயாணிகள். ஒருநாட் காலை குப்பைப் பையுடன் வெளியே வந்த எம்மையும் சேர்த்துப் படம் பிடித்த ஒருவர், “இங்கே மெய்யாகவே ஆட்கள் வசிக்கிறார்களா?” என்று வினவினார். வீட்டினுள்ளே சென்று வயிறு குலுங்கச் சிரித்தோம்.

இரண்டாம் மாரிகாலத்தில் எமது பொறுமை தீர்ந்தது. புறநகரிலே, காற்றுப் புகாத யன்னலும் வாசல்வரை வண்டிவரும் வசதியுமுள்ள புதுவீடொன்றைப் பார்த்து வந்தோம். போவதென்றே முடிவு செய்தோம்.

அவ்வேளையில், எதிர்வீட்டு மூதாட்டியார் எமக்கு முன்னரே புறப்பட்டுவிட்டார். எமது வீட்டின் மாற்றுத் திறப்பை வைத்திருந்தவர் அவர். எம்முள் ஒருவர் காய்ச்சலாற் கிடந்தபோது சூப்புக் காய்ச்சிக் கொணர்ந்தவரும் அவரே. படியேற இயலாமையால் மகள் வீட்டுக்குப் போனார். சில வாரங்களில் அவர் வீட்டுக் கதவருகே இலக்கப் பூட்டிட்ட சிறு பெட்டியொன்று தோன்றியது. வெள்ளிக்கிழமை வருவோர் அதிலிருந்து திறப்பை எடுப்பர். ஞாயிற்றுக்கிழமை அதிலேயே இட்டுச் செல்வர். எவர் முகமும் இருமுறை கண்டதில்லை. ஒரு திங்கள் இரவு எமது ஒழுங்கையில் விளக்கெரியும் வீடுகளை எண்ணினோம். எம்முடையதோடு மூன்றே மூன்று. அன்று அந்தப் பிரயாணியின் கேள்வி எமக்குச் சிரிப்பை மூட்டவில்லை.

அருகிலே ‘ஷாம்பிள்ஸ்’ என்னும் குறுந்தெரு உண்டு. முற்காலத்தில் இறைச்சிக் கடைக்காரர் தெரு அது. இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகளை இன்றும் சில கடைகளின் முகப்பிற் காணலாம்; அக் கடைக்காரர்களைத்தான் காணோம். கொக்கியைக் காத்தல் எளிது. ஆளைக் காத்தல் அரிது.

மறுநாள் மதிலின்மேல் நடந்தோம். ஏறத்தாழ 3.4 கிலோமீற்றர் நீளமான அம்மதிலை 1800இல் நகர ஆட்சியினரே இடித்துவிட விரும்பினர். பராமரிப்பு வீண் செலவென்றும், ஒடுங்கிய வாயில்கள் போக்குவரத்துக்கு இடையூறென்றும் அவர்கள் கருதினர். சில பகுதிகள் இடிபட்டும் போயின. எதிர்த்தோர் பலர், 1787இல் அந்நகரிலேயே பிறந்த ஓவியர் வில்லியம் எற்றி அவர்களுள் ஒருவர். அவர்கள் வசதியை மட்டும் எண்ணியிருந்தால் நாம் நடப்பதற்கு மதில் ஏது? கல்லைக் காக்க அன்று ஆளிருந்தார்கள். இன்று கல்லுக்குச் சட்டத்தின் காவல் உண்டு; ஒழுங்கையில் விளக்கேற்றச் சட்டம் எவரையும் அழைத்து வராது.

நாம் பெரிய தியாகம் எதுவும் செய்துவிடவில்லை. புதுவீட்டுக்காரருக்கு மறுமொழி எழுதிவிட்டு, யன்னல் இடுக்கிலே பழந்துணியைச் செருகினோம், அவ்வளவே. காற்று இன்னும் புகத்தான் செய்கிறது. 1472இல் நிறைவெய்திய மின்ஸ்டர் பேராலயத்தின் மணியோசையும் அதனோடு கூடவே வருகிறது.

சென்ற சனிக்கிழமை எதிர்வீட்டுக்கு வந்திருந்த இளந்தம்பதியர் குழந்தையுடன் எமது கதவைத் தட்டினர். பால் எங்கே வாங்கலாம் என்று கேட்டனர். கடைக்கு வழி சொன்னோம். கடை திறக்கும்வரை குழந்தைக்கென்று எம்மிடமிருந்த பாலையும் கொடுத்தோம். “நீங்கள் இங்கேயே வசிப்பவர்களா?” என்றார் அப்பெண்.

“ஆம், இங்கேதான் வசிக்கிறோம்” என்றோம்.