வெள்ளம் எங்க வீட்டுல!

‘‘ஏனுங்க... நீங்க அதுங்களா?’’

மேடையேறின முதல் நிமிஷமே கூட்டத்துல இருந்து யாராவது கேட்டுடுவாங்க. ‘‘அது இல்லைங்ண்ணா... இவங்க!’’ என்பேன். சிரிப்பு கிளம்பும். அந்தச் சிரிப்பு அடங்குறதுக்குள்ள மைக் முழுசா என்னுதாகிடும்.

பிறந்து வளர்ந்தது மேட்டூர். எங்க டேம்ல தண்ணி 120 அடியைத் தொட்டுட்டா, பதினாறு கண் மதகைத் திறந்துதான் ஆகணும். ‘‘நானும் அப்படித்தாங்க. பத்தொன்பது வருஷம் அடைச்சு வெச்சிருந்தேன். திறந்தேன் பாருங்க... வெள்ளம் எங்க வீட்டுல!’’ இது நான் மேடையில அடிக்கிற ஜோக். வீட்டுல நடந்தப்ப யாரும் சிரிக்கலை. அப்பா அன்னிக்கு நிறுத்தின பேச்சை, எட்டு வருஷம் கழிச்சுத்தான் தொடங்கினார்.

சின்ன வயசுல விடிய விடிய கூத்து பார்த்து வளர்ந்தவ நான். எங்க பக்கத்துக் கூத்துல கோமாளிக்குத்தான் எல்லா சுதந்திரமும். ராஜாவைக் கிண்டல் பண்ணுவார், ஊர்ப் பெரியவங்களைக் கிண்டல் பண்ணுவார், யாரும் கோவிச்சுக்க முடியாது. திரௌபதி வேஷம் கட்டுறது ஆம்பளைதான். சேலையோட அவர் வந்து நின்னா, கிழவிகள் கன்னத்துல போட்டுக்குவாங்க. அதே சேலையை வேஷமில்லாம ஒருத்தி கட்டினா கல்லை எடுப்பாங்க. இந்தக் கணக்கு எனக்கு இன்னிக்கு வரைக்கும் பிடிபடலை!

மிமிக்ரியில ஆரம்பிச்சேன். ஆர்கெஸ்ட்ராவுல பாடுறவங்க டீ குடிக்கப் போற பத்து நிமிஷம் எனக்கு. நான் சேலைக்கு மாறினதும் ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர், ‘‘குரலெல்லாம் வேண்டாம்மா. சினிமாவுல வர்ற மாதிரி கைதட்டிக்கிட்டு, நாலு பேர் கன்னத்தைக் கிள்ளிட்டுப் போ. டபுள் பேமென்ட்’’ என்றார். முடியாதுன்னேன். ஒரு வருஷம் மேடையே இல்லை. டேம் பார்க் பக்கம் ஒரு மீன் வறுவல் கடையில வேலை. நிஜமா சொல்றேன், காமெடி கத்துக்கிட்டது அங்கதான். முறைச்சுக்கிட்டு வர்ற ஆளைச் சிரிக்க வெச்சு ரெண்டு பிளேட் விக்கணும். இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் ஏது?

தைரியம் கொடுத்தவங்க தூரத்துல இருந்தாங்க. நாமக்கல் பக்கம் பிறந்த ரேவதியம்மா, தன் கதையை ‘வெள்ளை மொழி’ன்னு புஸ்தகமா எழுதினவங்க. 1997 வரைக்கும் நாமக்கல்லும் சேலம் ஜில்லாதான்... அந்த உரிமையில ‘எங்க ஊர்க்காரம்மா’ன்னு சொல்லிக்குவேன். 2008-ல விஜய் டி.வி-யில ‘இப்படிக்கு ரோஸ்’ வந்துச்சு. ஒரு திருநங்கை கால் மேல கால் போட்டுக் கேள்வி கேட்க, மத்தவங்க பதில் சொன்னாங்க. அதுவரை கேள்வி கேக்கிறது எப்பவும் எதிராளிதானே!

லண்டன்ல எடி இஸ்ஸார்ட்னு ஒருத்தங்க. பல வருஷமா லிப்ஸ்டிக்கும் ஹீல்ஸுமா மேடையேறி சிரிக்க வெச்சு, 2000-ல ரெண்டு எம்மி விருது வாங்கினவங்க. ‘அவள்’னே சொல்லுங்கன்னு 2020-ல கேட்டுக்கிட்டாங்க. இப்போ சூசிங்கிற பேரும் உண்டு. பிரெஞ்சு, ஜெர்மன்லகூட காமெடி பண்ணியிருக்காங்களாம். நான் தமிழ்லயே இன்னும் மேச்சேரியைத் தாண்டலை!

2014 ஏப்ரல் 15-ம் தேதி, நீ ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமான்னு நீயே சொல்லிக்கலாம்னு தீர்ப்பு வந்துச்சு. ‘‘சுப்ரீம் கோர்ட்டுக்கே புரிஞ்சிருச்சுங்க. எங்க சித்தப்பாகிட்டதான் கேஸ் இன்னும் வாய்தாவுல நிக்குது’’ என்பேன். பொம்பளைங்க பக்கம் இருந்துதான் முதல் கைதட்டு வரும். எல்லார் வீட்டுலயும் ஒரு சித்தப்பா இருப்பார்போல.

என்னை வெச்சு நானே ஜோக் அடிக்கலாமான்னு கூட இருக்கிற பொண்ணுங்க சண்டைக்கு வருவாங்க. நியாயமான சண்டைதான். எனக்கு ஒரே ஒரு அளவுகோல்: சிரிச்சு முடிச்சவன், மேடைக்குப் பின்னாடி என்னைப் பார்க்கிறப்போ ‘அக்கா’ங்கிறானா, இல்லை கையைப் பிடிச்சு இழுக்கிறானா? இழுத்தா, அந்த ஜோக்கை அன்னிக்கே தூக்கிடுவேன். இதுவரை ஏழு ஜோக் போயிருக்கு.

ஒரு ஆடிப்பெருக்குக்கு ஊர்க் கோயில் மேடை. டேம் ஜோக் சொல்லிக்கிட்டிருக்கேன்... கடைசி வரிசைக்குப் பின்னாடி, டீக்கடை பெஞ்சு ஓரமா அப்பா. எனக்கு அடுத்த வரி மறந்துபோச்சு. எதையோ சொல்லிச் சமாளிச்சு இறங்கினேன். அதுக்குள்ள அவர் கிளம்பிட்டார்.

ராத்திரி அம்மா போன் பண்ணினா.

‘‘அப்பா என்னம்மா சொன்னாரு?’’

‘‘‘வெள்ளமெல்லாம் ஒண்ணும் வரலையே... வாசல்ல கொஞ்சம் தண்ணி நின்னுச்சு, அவ்வளவுதான். இந்தப் புள்ள எதுக்கு இவ்வளவு பெருசா சொல்லுது?’ன்னாரு கண்ணு!’’