வடக்கு வெளிச்சம்

ஆம்பூரில் ரயிலேறினால் கிழக்கே சென்னை, மேற்கே பெங்களூரு. தண்டவாளம் ஒன்றுதான். படிப்பு முடித்த பிள்ளைகள் எந்த பிளாட்ஃபாரத்தில் நிற்கிறார்கள் என்பதை வைத்தே வேலை எங்கே என்று ஊர் சொல்லிவிடும். நான் மேற்கே போகிற வண்டியில் ஏறியவள். தகவல் பாதுகாப்பு வேலை, கண்காணிப்பு அறை, மாறி மாறி மூன்று ஷிஃப்ட். இந்த நோட்டில் இருப்பவை பெரும்பாலும் ஊருக்கும் பெங்களூரின் ஒயிட்ஃபீல்டுக்கும் இடையே எழுதியவை.

*

அப்பா தோல் தரம் பிரிப்பவர். டேனரியில் வடக்கு பார்த்த ஜன்னலோரம் அவருடைய நீள மேசை. நேர் வெயில் விழாமல், காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் வெளிச்சம் வேண்டும், அதனால் வடக்கு. ஒவ்வொரு ஆட்டுத்தோலையும் விரித்து, புரட்டி, விரலால் நீவிப் பார்ப்பார். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, அம்மை வடு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம். ஒரு தோலுக்குச் சில நொடிதான். நல்ல தோலை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகியதால்தான் கெட்டது அவர் விரலில் தட்டுகிறது.

என் வேலையும் அதுதான் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. திரையில் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது. யாரோ பாஸ்வேர்டை மறந்து நாலு முறை தப்பாக அடித்திருப்பார். இரவில் ஓடும் பேக்கப் நிரல் ஏதோ ஒரு விதியில் இடித்திருக்கும். ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்து ஒதுக்க வேண்டும். "மூடுறதுக்கு முன்னாடி ஏன் மூடுறேன்னு ஒரு வரி எழுதிடும்மா" என்பார் எங்கள் டீம் லீட் அக்கா. அப்பாவும் ஒதுக்கிய தோலில் சாக்பீஸால் ஒரு குறி போடாமல் அடுத்ததைத் தொட மாட்டார்.

*

நேர்காணலில் கேட்டார்கள்: ரகசியம் காப்பது, தகவல் திருத்தப்படாமல் காப்பது, வேண்டும்போது கிடைக்கச் செய்வது, இந்த மூன்றில் எது முக்கியம்? புத்தகம் மூன்றும் சமம் என்கிறது. நான் இரண்டாவது என்றேன். காரணம் கேட்டார்கள். பாலாற்றைப் பற்றிச் சொன்னேன்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் சுமார் 900 தோல் ஆலைகளையும், பாலாற்றில் கலந்த அவற்றின் கழிவையும் பற்றிய வழக்கு. மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறியும், முன்னெச்சரிக்கை நெறியும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவையே என்று நீதிமன்றம் சொன்னது அந்தத் தீர்ப்பில்தான். கேடு வரும் என்று நினைக்க நியாயம் இருந்தால், முழுச் சான்று இல்லை என்று காட்டித் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இரண்டாவது. அந்தத் தீர்ப்பு நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. எங்களுக்கு அது வீட்டுக் கிணறு. அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார். நான் குடித்ததில்லை.

இன்று பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் மீட்டர்கள் இருக்கின்றன. மாசு மிகுந்த தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவின் அளவீடுகளை நேரடியாக இணையம் வழி அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. கழிவு எப்படி இருக்கிறது என்பதை இப்போது ஒரு எண் சொல்கிறது. அந்த எண்ணில் ரகசியம் எதுவும் இல்லை, ஊரே பார்த்தாலும் தப்பில்லை. வழியில் யாரும் அதை மாற்றியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதைத்தான் சொன்னேன். வேலை கிடைத்தது.

*

மரூச்சி. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்துப் பகுதி. 2000-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அங்கே கழிவுநீர்ப் பம்புகள் காரணம் தெரியாமல் நின்றன, எச்சரிக்கை ஒலிகள் வரவில்லை. சுமார் எட்டு லட்சம் லிட்டர் சாக்கடை பூங்காவிலும் ஓடையிலும் கலந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்திய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், நகராட்சி வேலை கிடைக்காத கோபத்தில், காரில் ரேடியோவும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு பம்புகளுக்குப் பொய்க் கட்டளை அனுப்பியிருக்கிறார். 2001-இல் இரண்டாண்டு சிறைத் தண்டனை.

பயிற்சி வகுப்பில் இதைப் பத்து நிமிடத்தில் கடந்துபோனார்கள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. வங்கியைக் காக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் கழிவுநீர் வால்வைத் திறந்து மூடும் கணினிக்கு யார்?

*

வண்டி பங்காரப்பேட்டையில் நிற்கும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கோலார் தங்கவயலுக்குக் கிளைப்பாதை பிரியும் இடம். அம்மாவின் பாட்டனார் அங்கே சுரங்கத்தில் இருந்தவர். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கியதிலிருந்து வட ஆற்காட்டு ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போன இடம் அது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது தங்கவயல் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். என் பக்கத்து இருக்கையில் சில நாள் ஒரு பெண் உட்காருவாள். பேச்சுக் கொடுத்தால் எங்கள் ஊர்ப் பேச்சு: "எந்த ஊர்ல கீற?" நாலு தலைமுறை ஆகியும் அந்த 'கீற' போகவில்லை.

*

புதிதாக வருகிற தங்கைகளுக்கு, கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான். பிஜிக்கு முன்பணம், ஒரு மாதச் சாப்பாடு, போக்குவரத்து, இவற்றுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வா. வேலை தருகிறேன், டெபாசிட் கட்டு என்று யார் சொன்னாலும் கட்டாதே. கட்டிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடி. முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்த வழி உண்டு. சான்றிதழ்களை அப்புறம் வாங்கலாம். நெட்வொர்க் எப்படி ஓடுகிறது என்று படி, லினக்ஸ் பழகு, வயர்ஷார்க்கில் உன் வீட்டு இணையப் போக்குவரத்தையே பிடித்து ஒவ்வொரு வரியும் என்ன என்று பார். இரவு ஷிஃப்ட் இருக்கும், வண்டி வசதி உண்டா என்று சேரும் முன்பே கேள். கேட்பதில் தப்பே இல்லை. தெருவில் கேட்டு வளர்ந்த உருது இங்கே கை கொடுக்கும். சிவாஜி நகர்க் கடைக்காரர் என்னை உள்ளூர்ப் பெண் என்றே நினைத்தார்.

நான் இங்கே வந்ததும் அம்மா போனில் முதலில் கேட்டது: "அங்க தண்ணி எப்படி கீது?" 2024 கோடையில் பெங்களூரில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது.

*

எங்கள் பக்கமும் வேறு சிலருக்குப் புது ஊர்தான். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலைக்காக ஊர் மாறுவது என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

*

ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன ஏற்றுமதி அலுவலகம். மூன்று மேசை, ஒரு கணினி. சரக்கு வாங்குபவர் இத்தாலிக்காரர் ஒருவர். ஒரு தடவை சரக்குப் போய்ச் சேர்ந்தது, பணம் வரவில்லை. கேட்டால், "நீங்கள் அனுப்பிய புதுக் கணக்குக்குப் போட்டுவிட்டோமே" என்றார்கள். இவர்கள் புதுக் கணக்கு எதுவும் அனுப்பவில்லை.

அவர்களுடைய மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். யாரோ பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு பல வாரம் உள்ளே இருந்திருக்கிறார்கள். வருகிற அஞ்சலெல்லாம் வெளியே ஒரு முகவரிக்கும் நகல் போகும்படி ஒரு விதி. பில் அனுப்பும் நாள் வரை காத்திருந்து, அதே பில்லில் வங்கி எண்ணை மட்டும் மாற்றி, கம்பெனிப் பெயரைப் போலவே தெரியும் வேறொரு முகவரியிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றன. மின்னும் திரையில் யாருக்கும் தெரியாது. அப்பாவைக் கூப்பிட்டு, பிரிண்ட் எடுத்த இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் இட்ட உத்தரவின்படி இப்படி நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கம்பெனி எதுவானாலும் பொருந்தும். அந்த அலுவலகத்துக்கு இதை யாரும் சொன்னதில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் ஆறு மணி நேரத்தை எண்ணவே தனிக் கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள். நூற்றறுபது கிலோமீட்டர் தூரத்தில் எத்தனை வித்தியாசம். இதைக் கற்றுக்கொள்ள ஊரைவிட்டு வர வேண்டியிருந்தது, ஆனால் வேலை ஊரிலும் கிடக்கிறது.

*

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஏற்றுமதி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பாஸ்வேர்டை மாற்றி, போனுக்கு வரும் இரண்டாவது குறியீட்டைப் போட்டு, அந்த விதியை அழித்தேன். பிறகு கணக்கு எழுதும் பாயிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: வங்கி எண் மாறியதாக எந்தப் பக்கம் அஞ்சல் வந்தாலும், அஞ்சலில் இருக்கும் நம்பருக்கு அடிக்காமல் பழைய ஃபைலில் இருக்கும் நம்பருக்கு அடித்துக் குரலைக் கேளுங்கள். இத்தாலிக்காரரிடமும் அதையே செய்யச் சொல்லுங்கள்.

அவர் பீரோவைத் திறந்து, தூசி தட்டி, பல வருடத்துக்கு முன்னால் வந்த விசிட்டிங் கார்டைக் கண்டுபிடித்தார். நம்பரைக் காலண்டர் பின்னால் பெரிதாக எழுதி, கீழே உருதுவிலும் ஒரு வரி எழுதிக்கொண்டார். அப்போதே அடித்துப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஞாயித்துக்கிழமை இல்லியா, அங்கயும் லீவுதாம்மா. நாளைக்கு மத்தியானம் அடிக்கிறேன். அப்பதான் அவங்களுக்குக் காலையில ஆபீஸ் தொறக்கும்."