தேங்காய் தட்டும் கை

ஜூன் 7, சனி

இன்று கார் ஷோரூமில் மானம் போயிற்று. அவிநாசி சாலையில் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டு மூன்றாவதாகப் போன இடம். அங்கே பளபளவென்று நின்ற ஒரு வண்டியின் முன்கதவை, என்னை அறியாமலே, விரல் முட்டியால் மூன்று தடவை தட்டிவிட்டேன். டொக், டொக், டொக். விற்பனைப் பையன் பேச்சை நிறுத்திவிட்டான். "ஏம்மா, உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்றாள் மகள். அவள் அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு டயர் பார்க்கப் போய்விட்டார்.

அதுவரை அந்தப் பையன் பேசியதெல்லாம் அவரிடம்தான். வாங்குவது நான், ஓட்டப்போவது நான், தவணை போகப்போவது என் சம்பளத்தில். ஆனாலும் வாய்க்கு வாய் 'சார்'. நான் தட்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினான். இது தெரிந்திருந்தால் முன்னாலேயே தட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அது என் பழக்கமே இல்லை. அம்மாவின் அப்பா, என் அப்புச்சியின் பழக்கம்.

ஜூன் 8, ஞாயிறு

அப்புச்சிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. ஒரு தேங்காயை முட்டியால் தட்டி, காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டி, உள்ளே பருப்பு எப்படி என்று சொல்லிவிடுவார். அதே முட்டியால் கதவு, பீரோ, தண்ணீர்த் தொட்டி, பெண் கேட்டு வந்தவர் வீட்டுத் தூண் என்று எதையும் தட்டிப் பார்ப்பார். தட்டாமல் எதையும் நம்பியவரில்லை.

அவரிடம் வெள்ளை அம்பாசடர் இருந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியைப் பார்த்து வங்காளத்து உத்தர்பாராவில் செய்தது. 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. அதன் முன்சீட் ஒரே நீள சோபா. கியர் குச்சி ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்ததால் கீழே காலுக்கு இடைஞ்சல் கிடையாது. டிரைவர், நடுவில் நான், ஓரத்தில் அப்புச்சி. கொப்பரையும் ரெக்ஸினும் கலந்த வாசம். ஜன்னல் முனையில் இருந்த முக்கோணக் கண்ணாடியை அப்புச்சி ஒரு திருகு திருகினால் காற்று நேராக என் முகத்துக்கு வரும். "போதுமா அம்முணி?" என்பார். போதாது என்று சொல்வதற்காகவே சொல்வேன்.

1991இல் அப்பா வங்கிக் கடனில் மாருதி 800 வாங்கினார். 1983 டிசம்பரில் டெல்லியில் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தாரே, அந்த வண்டி. எட்டு வருஷம் மனசுக்குள்ளேயே வாங்கி வைத்திருந்துவிட்டு அப்புறம் வாங்கினார். மூன்று சிலிண்டர், 796 சிசி, 12 இஞ்ச் சக்கரம். அம்பாசடரின் எடையில் ஏறக்குறைய பாதி. அப்புச்சி வந்தார், சுற்றிப் பார்த்தார், பானெட்டை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏனுங் மாப்பிள்ளை, இதென்னுங்க இளநியாட்ட இருக்குது?"

அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் விடவில்லை. "வெயிலுக்கு இளநிதானுங் மாமா நல்லது" என்றார். மாமனாரை எதிர்த்து அப்பா பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு அப்புச்சியே ஆஸ்பத்திரிக்குப் போக மாப்பிள்ளை வண்டியைத்தான் கேட்டு அனுப்புவார். சாவியைத் திருப்பினால் கிளம்பும். அப்போது அதுவே பெரிய விஷயம்.

ஜூன் 10, செவ்வாய்

முந்தாநாள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்த நடு இடம் எனக்குப் பன்னிரண்டு வயது வரைக்கும்தான். ஒருநாள் கதவைத் திறந்தபோது, "அம்முணி, பின்னால பொம்பளைகளோட உக்காந்துக்க" என்றார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. என் இடத்தில் எட்டு வயதுத் தம்பி ஏறினான். அதற்கப்புறம் எனக்குத் தெரிந்தது டிரைவரின் பிடரியும் அப்புச்சியின் துண்டும்தான்.

எங்கள் வீட்டில் யார் என்ன வண்டி வைத்திருந்தார்கள் என்பதைவிட, எந்த வண்டியில் என்னை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதுதான் எனக்குள் தங்கியிருக்கிறது. தம்பிக்கும் அதே வண்டிகள்தான். அவனுக்குப் பிடித்தது உயரமான, பெரிய வண்டி. எனக்கு முன்சீட் போதும்.

ஜூன் 12, வியாழன்

சித்தப்பாவிடம் ஒரு பழைய வண்டி இருந்தது. பெயர் வேண்டாம், அதை இன்னும் பூப்போட்டுக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1986 கோடை விடுமுறையில் ஒன்பது பேர் அதில் வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதிலேயே வண்டி நின்றுவிட்டது. அந்தக் கால வண்டிகளில் பெட்ரோல் பம்ப் என்ஜினை ஒட்டியே இருக்கும். ஏற்றத்தில் என்ஜின் சூடேறினால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைத் தள்ள அந்தப் பம்ப்புக்குத் தெரியாது. வைத்தியம், ஈரத்துணி. சித்தி தலை துவட்டக் கொண்டுவந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்ப்பின்மேல் போட்டுவிட்டு எல்லோரும் கல்லில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். மலை ஏறி முடிவதற்குள் மூன்று முறை துண்டை நனைத்தாயிற்று.

அம்மாவுக்கு அது சுற்றுலா இல்லை, தண்டனை. எப்போதும் பின்சீட்டில் இடது ஓரம், கையில் எலுமிச்சம்பழம், முகம் ஜன்னலுக்கு வெளியே. வண்டி வாங்குகிறோம் என்றால் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "பின்னாடி கண்ணாடி முழுசா எறங்குமா?" அம்மா ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை; ஆனால் எங்கள் வீட்டில் வண்டியைப் பற்றி யாரும் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இன்றைய வண்டிகளைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டுவதும் இதனால்தான். தகடு தோள் வரை ஏறிவிட்டது. ஜன்னல், கோட்டைச் சுவரில் அம்பு விட வைத்த ஓட்டைபோல இருக்கிறது. பின்சீட்டில் குழந்தை உட்கார்ந்தால் வானம் மட்டும் தெரியும்.

ஜூன் 14, சனி

காலையில் ஒரு மின்சார வண்டி ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் அருமையாகப் போகிறது. "பானெட்டைத் திறங்க" என்றேன். திறந்தால் உள்ளே ஒரு பெட்டி, பை வைத்துக்கொள்ளலாமாம். ஏமாந்துபோனேன். ஏன் என்றால் மாமா.

அம்மாவின் தம்பி, கோயம்புத்தூரில் இருந்தவர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். இங்கிலாந்துப் பிறப்பு என்றாலும், சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டி. "நம்ம மெட்ராஸ் வண்டி" என்று சொல்லும்போது சொந்தக்காரப் பையன் கலெக்டர் ஆனது மாதிரி ஒரு பெருமை. அதன் விசேஷம் பானெட். மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முகம் முழுவதும் அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும். என்ஜின், பேட்டரி, ரேடியேட்டர், முன்சக்கரம் எல்லாம் கண்ணுக்கு முன்னால், சமையல்கட்டு மாதிரி. மாமா ஒரு டயரின்மேல் உட்கார்ந்துகொள்வார், நான் எதிர் டயரில். "அம்முணி, அரை இஞ்ச் ஸ்பேனர் எடு" என்பார். தப்பாக எடுத்துக் கொடுத்தால் திட்டமாட்டார். போட்டுப் பார்த்து, நழுவுவதைக் காட்டி, திருப்பிக் கொடுப்பார். பின்சீட்டுக்குப் போகச் சொன்ன அதே வருஷம்தான் இதுவும். டயர்மேல் ஆண் இடம் பெண் இடம் என்று எதுவும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

தட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில், வண்டியை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் படும்படி தடுப்பில் மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். மூக்கு நசுங்க வேண்டும். நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் உட்காரும் கூடு மட்டும் அப்படியே நிற்க வேண்டும். உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் தூணும் சட்டமும். நாம் தட்டுவது மேல்தோல். ஆக, தட்டினால் கெட்டி என்று தோன்றிய அம்பாசடரில் பெல்ட்டும் இல்லாமல், நடுவில் பிடிமானமும் இல்லாமல், டாஷ்போர்டுக்கு நேராக உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளை பிழைத்தது அந்தக் காலத்து வேகத்தால்தான்.

நட்சத்திரம் பார்த்துவிட்டேன். பட்டியல் மூன்றாகக் குறைந்தது. நாளை மறுபடி தட்டத்தான் போகிறேன்.

ஜூன் 18, புதன்

மகளிடம் கேட்டேன், "உனக்கு என்ன வண்டி புடிக்கும்?"

"எனக்கு வண்டியே வேண்டாம்மா. பஸ் போதும்."

வாடகை, பார்க்கிங், பெட்ரோல் விலை என்று ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், "நீங்க ஓட்டும்போது எங்கிட்டப் பேசவே மாட்டீங்க. எதுத்தாப்புல வர்றவனத்தான் திட்டுவீங்க. பன்னெண்டு வருஷம் ஸ்கூலுக்குப் பின்சீட்டுல உக்காந்து அதத்தான கேட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சட்னியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

காந்திபுரம் சிக்னலில் வாய் திறக்காமல் ஓட்ட யாரால் முடியும் என்று கேட்கலாம் என்று வந்தது. கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

புக் பண்ணியாயிற்று. சின்ன வண்டிதான், பெட்ரோல், கைக் கியர். டெஸ்ட் டிரைவில் இன்று மகளின் அப்பாவை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் பின்னால் இடது ஓரத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் போய்வந்தேன். கண்ணாடி முழுவதும் இறங்குகிறது. முழங்கையை வைத்துக்கொள்ள முடிகிறது. விற்பனைப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓட்டப்போவது மேடம் என்று இப்போதுதான் பழகியிருந்தான், பாவம். பிறகு இடம் மாறி நான் ஓட்டினேன். மகள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். பேசிக்கொண்டே ஓட்டினேன், ஒரு ஆட்டோ குறுக்கே வந்தபோது பாதி வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன். எண்பத்திரண்டு வயது, காது கொஞ்சம் மந்தம், கணக்கு மந்தமில்லை.

"மைலேஜ் என்ன சொல்றாங்க கண்ணு?"

சொன்னேன்.

"அதுல மூணு கழிச்சுக்கோ. ஸ்டெப்னி குடுக்கறாங்களா, இல்ல பஞ்சர் ஒட்டற டப்பாவக் குடுத்து ஏமாத்தறாங்களா?"

"ஸ்டெப்னி இருக்குதுங்கப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"தட்டிப் பாத்தியா?" என்றார்.