கட்டையைப் பிளந்தால் மரம் தெரியும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

வீட்டில் கேஸ் இருந்தும் எங்கள் பின்கட்டில் வெந்நீர் அடுப்பு இன்னும் எரிகிறது. அம்மாவுக்கு 88 வயது. விறகில் காய்ந்த வெந்நீர்தான் வேண்டும் என்பார். ஆனால் புகை பட்டால் இளைப்பு வந்துவிடும். அதனால் மாதம் ஒரு முறை விறகுக்கடைக்குப் போனால், என்ன மரம், பச்சையா காய்ந்ததா என்று பார்க்காமல் எடுக்க மாட்டேன்.

இதில் ஒரு சிக்கல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மரத்தை அடையாளம் காட்டியதெல்லாம் இலை, பூ, காய் வைத்துத்தான். வெட்டிப் போட்ட கட்டையில் இவை மூன்றும் இருக்காது. பட்டை, நிறம், வாசனை, எடை, பிளக்கும்போது அது காட்டும் குணம், இவ்வளவுதான் மிச்சம். எனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் அந்தக் கடையில் விறகு பிளக்கும் அண்ணன். எழுபதைத் தாண்டியவர். கோடாரி, இரும்பு ஆப்பு இரண்டு, ஒரு சம்மட்டி, இவைதான் அவர் சொத்து.

எங்கள் பக்கம் கடைக்கு அதிகம் வருவது சீமைக்கருவேலம். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்துக் காய்ந்த நிலமெல்லாம் அதுதானே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது ஊரெல்லாம் பேச்சாக இருந்தது நினைவிருக்கும். கட்டை கோணல்மாணலாக இருக்கும். வெட்டுமுகத்தில் ஓரமாக மெல்லிய மஞ்சள் வளையம், உள்ளே முழுக்கக் கரும்பழுப்பு. நின்று எரியும், நல்ல கங்கு விழும். பிரியாணிக்குத் தம் போட இது போதும் என்பார்கள்.

நாட்டுக் கருவேலம் வேறு. பட்டை கறுத்து, ஆழமாக வெடித்திருக்கும். சில இடத்தில் பிசின் ஒட்டியிருக்கும். பட்டையின் உள்பக்கம் சிவப்பு. புதிதாகப் பிளந்தால் வைரம் இளஞ்சிவப்பாக இருந்து, நாளாக நாளாகப் பழுப்பாகும். பச்சையாக வெட்டினால் கோடாரி இரும்பில் கருநீலக் கறை ஏறும். பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்வதால் வரும் கறை அது. தோல் பதனிட உதவுவதும் அதே சத்துதான். தோல் ஷாப்புகள் இருந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேம்பை மூக்கே சொல்லிவிடும். வாகையும் அப்படித்தான், பிளந்த தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. மஞ்சணத்தி உள்ளே மஞ்சள். சவுக்கு நேராக வளர்ந்தது, நேராகவே பிளக்கும், பட்டை நார்நாராக உரியும். புங்கை வெளுப்பாக இருக்கும், சீக்கிரம் பூச்சி அரிக்கும்.

பனையைப் பிளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளியே இரும்பு, உள்ளே சோறு. தொல்காப்பியர் மரபியலில் வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பிரித்திருக்கிறார். அந்தக் கணக்கில் பனை புல். இன்றைய தாவரவியலும் பனையை ஒருவித்திலைத் தாவரமாக, புல்லின் பக்கத்தில்தான் வைக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் ‘ஹார்ட்வுட்’ என்று சொல்வதை நம்பி ஏமாறாதீர்கள். அகன்ற இலை மரம் எல்லாம் அதில் அடங்கும். அப்படிப் பார்த்தால் நம் வீட்டு முருங்கையும் ‘ஹார்ட்வுட்’தான்!

இன்னொன்று. நன்றாகக் காய்ந்துவிட்டால், எந்த மரமானாலும் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். கனமான மரம் நிதானமாக எரியும், லேசான மரம் பொசுக்கென்று தீரும். வித்தியாசம் அங்கேதான். நாம் வாங்குவதோ எடைக்கு. பச்சை விறகில் பாதி எடை வரைக்கும்கூடத் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீருக்கும் காசு கொடுத்து, அதை ஆவியாக்கவும் விறகு எரிக்கிறோம். கொதிக்கும் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் 540 கிலோகலோரி வேண்டும். புகை அதிகம் வருவதும் இதனால்தான். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது ‘டண்’ என்று கேட்கும், பச்சை ‘தொப்’ என்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தால் தைரியமாக எடுக்கலாம்.

சுள்ளிக்கட்டு வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. போன மாதம் எங்கள் தெருவுக்கு வந்த ஒரு கட்டில் அரளிக் குச்சி கலந்திருந்தது. நாலுவழிச் சாலையின் நடுவே பூத்து நிற்குமே, அதேதான். வேர் முதல் பூ வரை விஷம். அதன் புகையும் ஆகாது, அதில் சமைக்கவே கூடாது. ஒரு கணுவில் மும்மூன்று இலை முளைத்த தழும்பு இருந்தால் கழித்துவிடுங்கள். அம்மா குளிக்கும் இடத்துக்கு அந்தக் குச்சி போயிருந்தால் என்று நினைத்தாலே பதறுகிறது.

கடைசியாகப் புளி. அகலமான வெளிர் மஞ்சள், நடுவில் கொஞ்சமாகக் கருஞ்சிவப்பு வைரம், அதுவும் வயதான மரத்தில்தான். நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். அதனால்தான் கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகப் போடுகிறார்கள், எத்தனை வெட்டு விழுந்தாலும் பிளக்காது. சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்துப் புளியமரங்கள் எத்தனை சாய்ந்தன! ஏலம் விடுவதற்காகப் பட்டையில் பெயின்டால் எழுதிய எண்ணோடு இப்போதும் சில சமயம் முண்டு வந்து இறங்குகிறது. அண்ணன் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "இது நம்மள முடிச்சிட்டுத்தான் சார் முடியும்" என்றார்.

விளையாட்டுப் பேச்சு இல்லை. பிளக்கும் கூலி டன் கணக்கு. சவுக்குக்கும் அதே கூலி, கணு விழுந்த புளிக்கும் அதே கூலி. சவுக்கை முடிக்கும் நேரத்தில் புளியில் பாதிகூட நகராது. ஆப்பு இறங்கிச் சிக்கிக்கொள்ளும், அதை எடுக்க இன்னோர் ஆப்பு வேண்டும். லாரி வந்ததும் அவர் பட்டையைத் தடவிப் பார்ப்பது அன்றைய வருமானத்தை எடை போடத்தான்.

புளிக்கு மட்டும் டன்னுக்கு 200 ரூபாய் கூட்டிக் கேட்டிருக்கிறார். அவர் கேட்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன், நியாயம்தான் என்று சொன்னேன். கடைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அந்த எண் போட்ட முண்டு இன்னும் பிளக்காமல் கடை வாசலில் கிடக்கிறது.