மணற்காட்டில் ஒரு மாலை

வெள்ளவத்தையில் புகையிரதப் பாதையைக் கடந்தால் கடல். அங்கே அலையோடு வாகன இரைச்சலும் கேட்கும். வடமராட்சி கிழக்கின் மணற்காடு அப்படியல்ல. கரைக்குப் பின்னால் மணற்கும்பிகள், சவுக்கங்காடு, மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயில். நாங்கள் போன மார்கழி மாலையில் வாடைக்காற்று குளிர்ந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து என்னோடு வந்த அக்காவின் ஊர் இது. 2004 டிசெம்பர் 26 சுனாமியில் மகளை இழந்தவர். பிறகு யுத்தத்தில் கணவரையும். அதன்பின் கடலைப் பார்த்ததேயில்லை.

“வாங்கோ அக்கா” என்று கையைப் பிடித்தேன்.

“நான் இதிலை இருக்கிறன் தங்கச்சி” என்று சவுக்கின் கீழ் அமர்ந்தார். நானும் அமர்ந்தேன்.

சற்றுநேரத்தில், “இரையிறது மரமோ, கடலோ?” என்றார்.

“இரண்டும்தான் அக்கா.”

எழுந்து காட்டின் ஓரம்வரை நடந்தார். அங்கிருந்து கடலைப் பார்த்தார். அன்றைக்கு அவ்வளவு போதும் என்றார். சகோதரிகளே, எவ்வளவு தூரம் போவதென்பதை அவரவரே தீர்மானிக்கட்டும்; கூட இருப்பது நம் வேலை.