சைக்கிளும் சுயமரியாதையும்

பழம்பொருளைப் புதுக்க விழைவோன் முதற்கண் ஒன்றைத் தெளிதல் வேண்டும்: எதனைக் காப்பது, எதனைத் துடைத்தெறிவது என்பதே அது. இதனை எனக்குக் கற்பித்தது ஒரு சைக்கிள்.

புக்கிட் மெர்தாஜாமை அடுத்த செம்பனைத் தோட்டமொன்றில் நான் கிராணி. பால்வெட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், பசுவுக்குப் புல்லேற்றி வந்த வண்டியொன்று சென்ற ஆண்டு என் கண்ணிற் பட்டது. தடித்த டயர், அகன்ற கைப்பிடி, மோட்டார் சைக்கிளுக்குரியன போன்ற பிரேக் பிடிகள். ஸ்பெஷலைஸ்டு கம்பெனியார் 1981-இல் வெளியிட்ட ஸ்டம்ப்ஜம்பர் என்னும் மலைச் சைக்கிள் அது என்றறிந்து திகைத்தேன். பாயான் லெப்பாஸில் வேலை பார்த்த அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்புகையில் தம் தோட்டக்காரருக்கு அளித்தாராம். அவர் இம்முதியவரின் மைத்துனர்.

இவ்வண்டியின் வரலாறு சுவையானது. 1970-களில் கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்து இளைஞர் சிலர், பழைய ஷ்வின் சைக்கிள்களிலேறி மலைச்சரிவிற் பாய்ந்திறங்கினர். அடிவாரம் சேர்வதற்குள் பின்சக்கரத்துப் பிரேக்கின் மசகு காய்ந்து புகைந்துவிடும். மீண்டும் மசகு அடைத்தாக வேண்டும். அது பற்றியே அப்பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயராயிற்று. 1977-இல் ஜோ பிரீஸ் என்பார் மலைக்கென்றே புதுச் சட்டம் செய்தார். எனினும், பெருவாரியாக விற்பனைக்கு வந்த முதல் மலைச் சைக்கிள் ஸ்டம்ப்ஜம்பரே என்பர். அதன் சட்டம் ஜப்பானிற் செய்யப்பட்டது. வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையிலும் ஒன்று உளது.

இவ்வளவும் அறிந்த நான், ஒன்றும் அறியாத முதியவரிடம் இருநூறு வெள்ளி கொடுத்து அதனை வாங்கினேன். என்னைக் கண்டதும் அவர் வண்டியைவிட்டு இறங்கி, துண்டைக் கையிலெடுத்து நின்றார். அது எனக்கு உவப்பாகவே இருந்தது என்பதையும் மறைப்பானேன்?

பழுது பார்க்க ஐந்து மாதமாயிற்று. அலுமினியச் சீட்டுத்தண்டு எஃகுக் குழாயினுள் இறுகிப் பற்றியிருந்தது. எண்ணெயை ஊறவிட்டுப் பத்து நாள் பொறுத்தபின்தான் அசைந்தது. அசல் வர்ணத்தைச் சுரண்டாது, துருவை மட்டும் அகற்றி மெழுகு பூசினேன்.

எண்ணெய் ஊறக் காத்திருந்த ஓரிரவு, மலாயாத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய ஆங்கில நூலொன்றைப் புரட்டினேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணைநின்ற ஆர். எச். நாதனை அரசாங்கத்தார் கைதுசெய்து நாடுகடத்தினர். கூலி உயர்வோடு அத்தொழிலாளர் கேட்டவற்றுள் ஒன்று என் நெஞ்சைத் தைத்தது: துரைமாரும் தோட்டத்து உத்தியோகஸ்தரும் எதிர்ப்படுங்கால், தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கவேண்டுமென்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. உத்தியோகஸ்தர் என்போருள் கிராணிமாரும் அடக்கம் அன்றோ! துரைமார் போய்விட்டனர், அவ்வணக்கத்தைக் கூசாது ஏற்ற நான் மட்டும் எஞ்சியிருந்தேன். ஆங்கிலக் கல்வி எனக்குச் சைக்கிளின் விலையைக் கற்பித்தது. ஏறியிருந்தவரின் விலையைக் கற்பிக்கவில்லை.

மறுவாரமே முதியவர் வீட்டுக்குச் சென்று, வண்டியின் உண்மை மதிப்பைக் கூறினேன். வேண்டுமாயின் வண்டியையே திருப்பித் தருவதாகவும் சொன்னேன். “புல்லுக்கு வேறே வண்டி இருக்குங்க” என்று மறுத்துவிட்டார். எஞ்சிய தொகையை இரு தவணையிற் செலுத்தினேன். அவர் பூட்டியிருந்த இரும்புக் கேரியரைக் கழற்றிவிட வேண்டுமென்பது சேகரிப்போர் விதி, நான் கழற்றவில்லை. அதுவும் அவ்வண்டியின் வரலாறே.

அண்மையில் ஒருநாள் செரோக் தொக்குன் சாலையில் அவர் எதிரே வந்தார், வழக்கம்போல் இறங்கினார். நானும் இறங்கி, “என்னைக் கண்டு இறங்காதீர்கள், ஐயா” என்றேன்.

அதுவரை என்னைக் கிராணி ஐயா என்றே அழைத்தவர், சிரித்துக்கொண்டு சொன்னார்: “இறங்கினாத்தானே தம்பி, நின்னு பேச முடியும்?”