அடங்காத தாகம்

என் பையில் ஏன் எப்பவும் குளுக்கோஸ் பாக்கெட் இருக்குன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. சாப்பாட்டு மணி அடிச்சதும் நான் ஏன் டீச்சர் ரூமுக்கு ஓடுறேன்னும் கேட்டீங்க. சில பேர் கேட்காமலே ஒரு பதில் வச்சிருக்கீங்க, அதுவும் என் காதுக்கு வந்தது. அதனால் இந்த நவம்பர் மாதச் சுவர் இதழில் எனக்கு ஒரு தாள் வேணும்னு தமிழ் ஐயாவிடம் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

சென்ற ஏப்ரலில், எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு சமயம், எனக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. ஏப்ரலில் தாகம் எடுப்பதெல்லாம் ஒரு செய்தியா என்பீர்கள். ஆனால் இது வேற தாகம். ஒரு சொம்பு தண்ணி குடிச்சு சொம்பைக் கீழே வைக்கும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். ராத்திரி நாலு தடவை, அஞ்சு தடவை எழுந்து குடிப்பேன், எழுந்து எழுந்து பாத்ரூம் போவேன். மூணு நாள் வரும் கேன் தண்ணி ஒன்றரை நாளில் காலி. கேன் போடும் அண்ணன் அளவு குறைக்கிறாரோ என்று அம்மா அவரிடம் சண்டைக்கே போயிட்டாங்க.

பள்ளியில்தான் பெரிய கஷ்டம். பெண் பிள்ளைகளுக்குத் தெரியும், பாத்ரூம் போக வேண்டி வருமே என்று நாம் பாதிப் பேர் சாயந்திரம் வரை தண்ணியே குடிக்க மாட்டோம். நான் ஒரு பாட வேளையில் இரண்டு முறை எழுந்து நின்றால் வகுப்பே சிரிக்கும்.

காலையில் ஐந்து தோசை தின்பேன், ஆனாலும் பாவாடை இடுப்பில் நிற்காது, ஊக்கு குத்திக்கொண்டு வருவேன். ஆயா கண்ணு பட்டிடுச்சுன்னு மிளகாய் சுத்திப் போட்டாங்க. பாத்ரூமில் எங்கிருந்தோ எறும்பு வந்து மொய்த்தது. அம்மா எறும்பு சாக்பீஸால் கோடு போட்டாங்க. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியபோது உடம்பு சூடு, நிறைய ஜூஸ் குடி என்றார்கள். தினமும் கரும்புச் சாறு குடித்தேன். தாகம் இன்னும் கூடியது.

ஒரு நாள் விடியற்காலை வாந்தி. மூச்சு நான் சொல்வதைக் கேட்காமல் ஆழமாக, வேகமாக வாங்கியது. வாயில் அழுகின பழ வாசனை வருதுன்னு ஆயா சொன்னாங்க. 108ல் ஏற்றி எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். விரலில் குத்தி ஒரு சின்ன மெஷினில் ரத்தம் வைத்தார்கள். எண் வரவில்லை. ஆங்கிலத்தில் ஹெச், ஐ என்று இரண்டு எழுத்து வந்தது. மெஷின் எனக்கு ஹாய் சொல்லுதுன்னு நினைச்சேன். சர்க்கரை 600க்கு மேல் போனால் மெஷினால் எண் சொல்ல முடியாதாம், ‘அதிகம்’ என்று மட்டும் காட்டுமாம். அன்று என் எடை 31 கிலோ.

எனக்கு வந்திருப்பது முதல் வகை நீரிழிவு. ஆயாவுக்கு இருக்கும் சுகர் இரண்டாம் வகை, அவங்க மாத்திரை போடுறாங்க. என் உடம்பில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை, கிருமியோடு சண்டை போட வேண்டிய என் உடம்பின் காவல் படையே அழித்துவிட்டது. இனிப்பு தின்றதால் வந்தது இல்லை. தொட்டால் ஒட்டாது. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் பிடித்து வைக்க முடியாது. அது சிறுநீரில் இறங்கும்போது உடம்புத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். தாகம், எறும்பு, இளைப்பு எல்லாம் அதனால்தான். இழிதல் என்றால் இறங்குதல் என்று தமிழ் ஐயா சொன்னார். நோயின் பெயரிலேயே அடையாளம் இருக்கிறது, பாருங்கள்.

கனடா நாட்டில் டொரண்டோ நகரில் லியோனார்டு தாம்சன் என்று ஒரு பையன். என் வயதுதான், 14. எடையும் கிட்டத்தட்ட என் எடைதான், சுமார் 30 கிலோ. அதுவரை இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு வைத்தியம் என்றால் பட்டினி போடுவதுதான். 1922 ஜனவரி 11 அன்று மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினை அவனுக்கு முதல் முதலாகப் போட்டார்கள். சரியாகக் கேட்கவில்லை. இன்னும் சுத்தம் செய்து 12 நாள் கழித்துப் போட்டார்கள், சர்க்கரை இறங்கியது. அதன் பிறகு 13 வருடம் வாழ்ந்தான். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பேன்டிங் பிறந்த நாள் நவம்பர் 14. அதுதான் உலக நீரிழிவு தினம். நமக்குக் குழந்தைகள் தினமும் அன்றே!

இப்போது எனக்கு ஒரு நாளைக்கு நாலு ஊசி. மதிய ஊசிக்குத்தான் டீச்சர் ரூம். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, அதனால் மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, மருந்தை நனையாமல் டப்பாவில் வைக்கிறோம். சில நேரம் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், கை நடுங்கும், வியர்க்கும். குளுக்கோஸ் அதற்குத்தான். அப்போது நான் பாடம் நடக்கும்போதே சாப்பிடுவேன், டீச்சர்களுக்கும் தெரியும்.

இதையெல்லாம் எழுதப் போறேன்னதும் ஆயா, “வெளியில சொல்லாதடி, நாளைக்கு உன்னைக் கட்டிக் கொடுக்க வேணாமா?” என்று அழுதாங்க. அம்மா இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மண்பானைக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டே, “எழுதுடி. அந்தக் கரும்புச் சாறையும் எழுது” என்றாங்க.

ஜூலையில் ஆறாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி குழாயடியில் இரண்டு பாட்டில் தண்ணியை ஒரே மூச்சில் குடிப்பதைப் பார்த்தேன். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவங்க அம்மாவிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். சர்க்கரை 92. அவள் கோகோ விளையாடிவிட்டு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். விரலில் குத்த வைத்ததற்காக ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

- ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி